ஏஎம்வி போட்டவருக்கு ‘செம ப்ரோ’ மட்டும் போதுமா?

வெட்டுக்கிளி:
குட்டி_ஷினோபி போட்ட முதல் ஏஎம்வி-யை, அதாவது அனிமே மியூசிக் வீடியோவை, பலரும் பார்த்திருப்பீர்கள். வாலிபால் அனிமே காட்சிகளை வெட்டி ஒரு குத்துப் பாட்டின் மேல் ஒட்டியிருக்கிறார், மூன்றரை நிமிடம். கீழே தெளிவாகவே எழுதியிருந்தார், எது சரியில்லை என்று சொல்லுங்கள், கற்றுக்கொள்கிறேன் என்று. வந்ததில் முக்கால்வாசி ‘செம ப்ரோ’, ‘வெறித்தனம்’, நெருப்பு எமோஜி. நான் உட்கார்ந்து நீளமாக ஒரு கமெண்ட் எழுதினேன், அதற்கு அங்கே எனக்கு அர்ச்சனை, ‘பெரிய எடிட்டர் வந்துட்டார்’ என்று. அதனால் தனியாக இங்கே பேசலாம்.

கேட்டவருக்குச் சொல்ல வேண்டும், சொன்னால் நிமிடம் நொடியோடு சொல்ல வேண்டும், இதுதான் என் கட்சி. வெறுமனே ‘சின்க் சரியில்லை’, அதாவது படமும் பாட்டும் ஒன்றாக விழவில்லை என்றால் அவர் மூன்றரை நிமிட டைம்லைனில் எங்கே போய்த் தேடுவார்? நான் எழுதியது இப்படி: 1:12-ல் பாட்டில் பெரிய அடி (பீட்) விழுகிறது, ஆனால் கை பந்தைத் தொடுவது அதற்கு மூன்று ஃப்ரேம் கழித்து வருகிறது, அதனால் அந்த ஸ்பைக்கில், பந்தை ஓங்கி அறைவதில், வேகமே தெரியவில்லை. நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் மூன்று ஃப்ரேம் என்பது 125 மில்லிசெகண்ட். இதில் யாரையும் மட்டம் தட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

கடைசி_பெஞ்ச்:
ஒரு பாயிண்டை மட்டும் எடுத்துக் காட்டினால் நன்றாகத்தான் இருக்கிறது ப்ரோ. நீங்கள் எழுதியது பதினைந்து பாயிண்ட். முதல் வீடியோ போட்டவருக்குச் சிவப்பு மையில் திருத்திய விடைத்தாள் மாதிரி நீட்டினால் அவர் இரண்டாவது வீடியோவே போட மாட்டார். இது வேலையா? யாராவது சம்பளம் கொடுக்கிறார்களா? ராத்திரி கண் விழித்து ஆசைக்குச் செய்வது. ‘தப்பு சொல்லுங்கள்’ என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள், அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டுக்கு வந்தவரிடம் ‘சாப்பாட்டில் உப்பு சரியா’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வோமோ அதுதான்.

வெட்டுக்கிளி:
உப்பு இல்லை என்றால் இல்லை என்றுதான் சொல்வேன்.

கடைசி_பெஞ்ச்:
அதனால்தான் உங்களை யாரும் விருந்துக்குக் கூப்பிடுவதில்லை 😂

மெக்கா_மாமா:
தம்பிகளா, இந்தச் சண்டைக்கு வயசு அதிகம். 1982-ல் அமெரிக்காவில் ஜிம் கப்போஸ்டாஸ் என்பவர் இரண்டு வீசிஆரை (வீடியோ கேசட் ரெக்கார்டர்) இணைத்து, யமாட்டோ விண்கப்பல் தொடரின் சண்டைக் காட்சிகளை பீட்டில்ஸின் காதல் பாட்டு ஒன்றின் மேல் ஒட்டினார். முதல் ஏஎம்வி என்று பொதுவாக அதைத்தான் சொல்கிறார்கள். பிறகு அங்கே அனிமே மாநாடுகளில் இதற்கென்றே போட்டிகள் வந்தன, அனிமே எக்ஸ்போ, ஒட்டாகான், அட்லாண்டாவில் அனிமே வீக்எண்ட் என்று. போட்டி நடக்கும் ஹாலில் ஒரு வசதி உண்டு, நகைச்சுவை வீடியோ ஓடும்போது கூட்டம் எங்கே சிரித்தது, எங்கே சிரிக்காமல் போனது என்று எடிட்டர் தன் காதாலேயே கேட்டுவிடுவார். யாரும் கமெண்ட் எழுத வேண்டியதில்லை.

2000-ல் அனிமேமியூசிக்வீடியோஸ்.ஆர்க் என்ற இணையதளம் வந்த பிறகு எழுத்தில் சொல்வது வழக்கமானது. நட்சத்திரமும் கொடுக்கலாம், விரிவான கருத்தும் எழுதலாம். எது பயன்பட்டது என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பத்துக்கு ஏழு என்று ஒருவர் போட்டால் மீதி மூன்று எங்கே போனது என்று மண்டையைக் குடைந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். அந்த வகையில் வெட்டுக்கிளி பக்கம். ஆனால் பதினைந்து பாயிண்ட் கொஞ்சம் ஓவர் தம்பி.

யாழினி_நைட்ஷிஃப்ட்:
எனக்கு வெட்டுக்கிளியோடு வேறு சண்டை. நீளம் பிரச்சினை இல்லை. அந்தப் பதினைந்தில் பதினொன்று சின்க் பற்றியது! நம் ஆட்களுக்கு ஏஎம்வி என்றாலே பீட்டுக்கு வெட்டுவது என்று ஆகிவிட்டது. அந்தப் பாட்டு நிமிடத்துக்கு 160 அடி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு அடிக்கு 0.375 நொடி, அதாவது ஒன்பது ஃப்ரேம். டிவி அனிமேயில் பல இடங்களில் ஒரே படத்தை மூன்று ஃப்ரேமுக்கு நிறுத்தி வைப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் வெட்டினால் ஒரு ஷாட்டில் மூன்றே மூன்று ஓவியம்தான் கண்ணுக்குக் கிடைக்கும். யார் குதித்தார், பந்து எந்தப் பக்கம் போனது, ஒன்றும் பதியாது. அப்படி ஒரு நிமிடம் ஓடினால் எனக்குத் தலைவலிதான் வருகிறது.

அவருடைய வீடியோவில் உண்மையான சிக்கல் 2:00-க்கு மேல். அதுவரை ஒரே ஆளைப் பின்தொடர்ந்து வந்தோம், திடீரென்று எதிர் டீம் ஆட்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள், ஏன் என்று தெரியவில்லை. தொடரைப் பார்க்காத என் தம்பி அந்த இடத்தில் போனை எடுத்துவிட்டான். அப்புறம் பாட்டில் ‘மழை’ என்று வந்தால் மழைக் காட்சி, ‘கண்’ என்று வந்தால் கண் க்ளோசப். ஒரு தடவை என்றால் சிரிக்கலாம், பாட்டு முழுக்க என்றால் அது எடிட்டிங் இல்லை, படம் பார்த்துப் பெயர் சொல்வது. இதையெல்லாம் யாருமே சொல்லவில்லை, வெட்டுக்கிளி உட்பட.

வெட்டுக்கிளி:
எல்லா அடிக்கும் வெட்டு என்று நான் எங்கே சொன்னேன்? பதினொன்றில் ஏழு ஷாட்டுக்குள் நடக்கும் அசைவு பற்றியது. கால் தரையில் ஊன்றுவது, பந்து கையில் படுவது, தலை திரும்புவது, இவற்றில் ஒன்று அடியோடு விழுந்தால் வெட்டே தேவையில்லை, ஐந்து நொடி ஷாட்டைக்கூட விட்டுவிடலாம். நீங்கள் கேட்பதும் அதுதானே?

சப்டைட்டில்_சுப்பு:
ஒரு சின்னச் சந்தேகம், வெட்டுக்கிளி கேட்டது ப்ளூடூத் இயர்போனிலா? அதில் ஒலி 100, 200 மில்லிசெகண்ட் தாமதமாக வருவது சாதாரணம். பிளேயர் சில நேரம் ஈடுகட்டும், சில நேரம் கட்டாது. அப்படிக் கேட்டுவிட்டு ‘மூன்று ஃப்ரேம் பிசகு’ என்று தீர்ப்பு எழுதுகிற ஆட்கள் ஏராளம்.

வெட்டுக்கிளி:
ஒயர் போட்டுத்தான் கேட்டேன். சந்தேகம் வந்ததால் வீடியோவை நிறுத்தி ஒவ்வொரு ஃப்ரேமாகவும் தள்ளிப் பார்த்தேன். தவிர, ப்ளூடூத்தில் ஒலிதான் பிந்தும், இங்கே ஒலி முந்துகிறது.

சப்டைட்டில்_சுப்பு:
அப்போது சரி. அந்தத் திசையில் பிசகினால் உறுத்தத்தான் செய்யும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒளிபரப்புக்குக் கொடுத்த பரிந்துரையில், ஒலி 45 மில்லிசெகண்ட் முந்தினாலே ஆட்கள் கவனித்துவிடுகிறார்கள், பிந்தினால் 125 வரை கவனிப்பதில்லை என்று இருக்கிறது. தூரத்தில் துணி துவைப்பவரைப் பார்த்தால் அடி முதலில் தெரிகிறது, சத்தம் பிறகு வருகிறது, அது நமக்குப் பழக்கம். அது பேச்சுக்கும் படத்துக்கும் சொன்ன கணக்கு என்றாலும் இங்கேயும் உதவும். அதனால் குட்டி_ஷினோபிக்கு ‘பிசகு’ என்று மட்டும் சொல்லாமல் ‘ஷாட்டை முன்னால் இழு, ஒரு ஃப்ரேம் முந்தினாலும் பரவாயில்லை, பிந்தக் கூடாது’ என்று சொன்னால் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

என் பங்குக்கு: எரிந்த சப்டைட்டில், அதாவது படத்தோடு ஒட்டிப்போய் நீக்க முடியாத எழுத்து. 0:30 முதல் 0:50 வரை அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓடுகிறது. இது ரசனை விஷயம் இல்லை, பாட்டைக் கேட்க விடாமல் கண் அதைப் படிக்கப் போய்விடும். சப்டைட்டில் தனி டிராக்காக இருக்கிற மூலத்திலிருந்து அதே காட்சிகளை எடுத்தால் தீர்ந்தது. இன்னொன்று, 1:31-ல் பாத்திரம் பாடுவது மாதிரி வைத்திருக்கிறார், ஆசை நல்லது. ஆனால் பாட்டில் ‘அம்மா’ என்று வரும்போது வாய் திறந்தே இருக்கிறது. அனிமேயில் பெரும்பாலும் மூடிய வாய், பாதி திறந்த வாய், முழுதும் திறந்த வாய், அவ்வளவுதான். ஜப்பானிய வசனத்துக்கு வரைந்த வாயைத் தமிழுக்குப் பொருத்த முடியும், உயிரெழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் மன்னித்துவிடுவோம், ம, ப, வரும் இடத்தில் மட்டும் உதடு மூடியாக வேண்டும்.

கடைசி_பெஞ்ச்:
எல்லாம் சரி சுப்பு அண்ணா. ஒன்று கேட்கிறேன். யூடியூபில் ஏற்றியாகிவிட்டது. அங்கே பழைய வீடியோவின் இடத்தில் திருத்திய ஃபைலை மாற்றி வைக்க முடியாது, புதிதாகத்தான் ஏற்ற வேண்டும், வியூஸ், கமெண்ட் எல்லாம் பூஜ்ஜியத்தில் தொடங்கும். அதற்காக யாராவது திரும்ப ரெண்டர் போடுவார்களா? அப்புறம் 1:12-ல் மூன்று ஃப்ரேம் என்று சொல்லி என்ன லாபம்? நடந்து முடிந்த கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிற கதை. நீங்கள் எல்லோரும் எப்படிச் சொல்வது என்று சண்டை போடுகிறீர்கள், எப்போது சொல்வது என்று ஒருவரும் கேட்கவில்லை.

யாழினி_நைட்ஷிஃப்ட்:
இந்த ஒரு இடத்தில் கடைசி பெஞ்ச் சொல்வது முழுக்க நியாயம். எங்கள் கூட்டத்தில் ட்ராஃப்டை பட்டியலிடாத லிங்க்காக (லிங்க் கையில் இருப்பவர் மட்டும் பார்க்கலாம்) இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார்கள். அப்போது என்ன வேண்டுமானாலும் கிழிக்கலாம், எல்லாவற்றையும் மாற்ற முடியும். வெளியிட்ட பிறகு அடுத்த வீடியோவுக்கும் எது கூடவே போகுமோ அதை மட்டும் சொல்வோம். சுத்தமான மூலம், ஷாட் தேர்வு, யாருடைய கதை என்ற தெளிவு, இதெல்லாம் போகும். 1:12 போகாது.

வெட்டுக்கிளி:
1:12 போகாது, ‘கை படும் ஃப்ரேமைப் பார்த்து வை’ என்பது போகும், 1:12 அதற்கு உதாரணம். உதாரணம் இல்லாமல் அறிவுரை மட்டும் சொன்னால் யாருக்கும் ஏறாது. புதிதாக வருகிற ஆளுக்கு ட்ராஃப்ட் அனுப்ப யாரைத் தெரியும்? அவருக்கு ஒரு ‘கூட்டம்’ இருந்தால் அல்லவா! தவிர, பொதுவில் எழுதுவது அவருக்கு மட்டும் இல்லை, அடுத்த வாரம் முதல் வீடியோ வெட்டப் போகிற இன்னொருவரும் அதைப் படிக்கிறார்.

கடைசி_பெஞ்ச்:
அடுத்தவருக்குப் பாடம் எடுக்க இவரை எதற்கு போர்டில் நிற்க வைக்கிறீர்கள்?

குட்டி_ஷினோபி:
அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம், இப்போதுதான் பார்த்தேன். நான் அழவில்லை, நிஜமாகவே 😅 பதினைந்தையும் படித்தேன், நான்கு புரியவில்லை. சப்டைட்டில் உள்ள பகுதி தெரிந்தேதான் போட்டேன், அந்த எபிசோடு எனக்கு வேறு மாதிரி கிடைக்கவில்லை. 1:12-ம் தெரிந்தே செய்தது. அந்த ஸ்பைக்கை எதிர் டீம் தடுத்துவிடும், அதனால் அடி விழாத மாதிரி இருக்கட்டும் என்று தள்ளி வைத்தேன். என்ன நினைத்துச் செய்தாய் என்று யாராவது முதலில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். செம ப்ரோ போட்டவர்களுக்கும் நன்றி, அதைப் பார்த்துத்தான் இரண்டாவது வீடியோ தொடங்கினேன்.

கடைசி_பெஞ்ச்:
பார்த்தீர்களா, இரண்டாவது தொடங்கிவிட்டார். எந்தக் கமெண்டால் என்றும் கவனிக்கவும்.

வெட்டுக்கிளி:
குட்டி, யோசனை நல்ல யோசனை, அதைக் கேட்டதும் பிடித்துவிட்டது. ஆனால் எனக்கு அது திரையில் தெரியவில்லை, அதைத்தான் நான் சொல்ல முடியும். 0:22, 0:41, 0:58 மூன்றிலும் இதே அளவு பிந்துகிறது. மற்றதெல்லாம் கச்சிதமாக விழுந்து இது ஒன்று மட்டும் தவறினால்தான் பார்ப்பவருக்கு ‘அட, வேண்டுமென்றே’ என்று தோன்றும். வேண்டுமென்றே என்றால் மூன்று ஃப்ரேம் போதாது, அரை அடி தள்ளு, இல்லை அந்த இடத்தில் பாட்டையே ஒரு நொடி அமுக்கு.

யாழினி_நைட்ஷிஃப்ட்:
இதை முதல் கமெண்டாக எழுதியிருந்தால் இந்தத் திரியே தேவைப்பட்டிருக்காது. 2:00-க்கு மேல் எதிர் டீம் வருவதும் அந்தத் தடுப்பால்தானா குட்டி? அப்படியென்றால் தடுத்தவரின் முகத்தை 1:12-லேயே ஒரு நொடி காட்டிவிடு, பிறகு அவர் வரும்போது யார் என்று கேட்க மாட்டோம்.

குட்டி_ஷினோபி:
ஆமாம் அக்கா அதனால்தான்!! இரண்டாவதில் இதே மாதிரி ஒரு இடம் இருக்கிறது. நாற்பது நொடி ட்ராஃப்ட் ஞாயிற்றுக்கிழமை இங்கேயே போடட்டுமா? பாட்டு பாதியில் நின்றுவிடும், பரவாயில்லையா?

மெக்கா_மாமா:
போடு. இரண்டே கேள்வி கேட்டுப் போடு, எல்லாவற்றையும் கேட்காதே, கேட்டால் எல்லாம் வரும். ஒருவர் எடிட்டிங் தெரியாதவராக இருக்கட்டும்.

கடைசி_பெஞ்ச்:
தெரியாதவர் நான்தான், வருகிறேன். பாராட்டத்தான் செய்வேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

வெட்டுக்கிளி:
எது பிடித்தது என்று நிமிடம் நொடி போட்டுப் பாராட்டுங்கள், போதும்.

கடைசி_பெஞ்ச்:
முடியாது.

சப்டைட்டில்_சுப்பு:
குட்டி, ரெண்டர் போடும்போது மூலையில் டைம்கோடு, அதாவது ஓடும் நேரத்தை, படத்தின் மேலேயே எரித்துவிடு, ஃப்ரேம் எண்ணோடு. ஆளாளுக்கு ஒரு பிளேயரில் ஒரு நேரம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். படத் தரம் 480 போதும், 1080 தேவையில்லை, சீக்கிரம் ஏறும். சப்டைட்டில் இல்லாத மூலம் எப்படித் தேடுவது என்று தனியாக மெசேஜ் போடுகிறேன்.