மானிட்டர் பார்த்துக் கண் எரிகிறது, என்ன செய்யலாம்ங்க?

திருப்பூர்க்காரன்:
பனியன் கம்பெனியில் பேட்டர்ன் டிசைன் வேலைங்க. ஷிப்மெண்ட் நெருங்கினால் காலையில் உட்கார்ந்து ராத்திரி வரை மானிட்டர்தான், சாயங்காலமானால் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது, அளவு எண்களெல்லாம் கலங்கித் தெரிகின்றன. பார்வையே போய்விடுமா? நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா?

நொய்யல்கரை:
பார்வை போகாதுங்க, பயப்படாதீங்க. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 தடவை கண் சிமிட்டுகிற நாம் மானிட்டர் முன்னால் அதில் பாதிகூடச் சிமிட்டுவதில்லை, அதனால்தான் கண்ணீர்ப் படலம் காய்ந்து உறுத்துகிறது. ஃபேனோ ஏசியோ நேராக முகத்தில் அடிக்கிறதா என்று முதலில் பாருங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற ஆடி மாதத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இன்னும் மோசம். அந்தக் கண்ணாடிக்குக் காசு வேண்டாம். கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வுத் தொகுப்பும் சொன்னது.

பெருந்துறை அக்கா:
20 நிமிடத்துக்கு ஒருதரம், 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பாருங்க தம்பி. எதிர்க் கட்டட மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி போதும். மானிட்டர் ஒரு கை தூரத்தில், கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். வயது 40 தாண்டிவிட்டதா? அப்படியானால் வெள்ளெழுத்தாகவும் (வயதானால் கிட்டத்தில் இருப்பது கலங்கித் தெரிவது) இருக்கலாம், பவர் பார்த்துவிடுங்க.

திருப்பூர்க்காரன்:
43 ஆகிறதுங்க அக்கா. ஃபேனும் நேர் எதிரில்தான், இன்றே திருப்பிவிடுகிறேன். மெடிக்கலில் சொட்டு மருந்து கேட்டு வாங்கலாமா?

நொய்யல்கரை:
சிவப்பைப் போக்கும் மருந்து வேண்டாம், நிறுத்தியதும் மறுபடி சிவக்கும். கண் டாக்டரிடம் காட்டி, செயற்கைக் கண்ணீர் சொட்டு தேவையா என்று கேளுங்க. சர்க்கரை இருந்தால் விழித்திரையையும் சேர்த்தே பார்த்துவிடுங்க, அதைத் தள்ளிப்போடவே கூடாது.