52 வயதில் வேலையை விட்டபின் பகற்பொழுதை என்ன செய்வது?

காட்பாடிக்காரன்:
ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் 27 ஆண்டுகள் தரம் பிரிப்புப் பிரிவில் இருந்துவிட்டு, நின்றே பார்க்கும் அந்த வேலைக்கு மூட்டுவலி இடம் தராததால், 52 வயதில் நானே விலகி நான்கு மாதங்கள் ஆகின்றன. கடன் இல்லை, மகளும் வேலைக்குப் போகிறாள். ஆனால் காலை ஏழரைக்குக் கம்பெனிப் பேருந்து தெருமுனையைக் கடக்கும்போது வாசலில் நிற்காமல் உள்ளே போய்விடுகிறேன். போன வாரம் சோபா பார்க்கப் போன கடையில், விலையைக் கேட்பதற்கு முன்பே தோலில் உண்ணிக்கடித் தழும்பு இருக்கிறதா என்று தடவிக்கொண்டிருந்தேன். வீட்டில் மளிகை டப்பாக்களை அளவு வாரியாக மாற்றி அடுக்கியதால் மனைவி இரண்டு நாள்கள் பேசவில்லை. என்னைப் போல விலகியவர்கள் பகலை எப்படிக் கழித்தீர்கள்? பி.எஃப். ஓய்வூதியத்தை இப்போதே வாங்கிவிடலாம் என்கிறார்களே, விண்ணப்பிக்கலாமா?

வேலப்பாடி வாசகர்:
பத்தாண்டுச் சேவை முடித்தவர் 50 வயதிலிருந்து விண்ணப்பிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் முழு ஓய்வூதியத்திற்குரிய வயது 58 என்பதால், அதற்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு வீதம் குறைத்துத் தருவார்கள், பிறகு 58 வயதானாலும் அந்தக் குறைப்பு நீங்காது. பணத்தேவை இல்லாதபோது, ஏதாவது செய்தாக வேண்டும் என்பதற்காக ஓய்வூதிய விண்ணப்பமான படிவம் 10டி-யை நிரப்பாதீர்கள்.

நான் வங்கியிலிருந்து விருப்ப ஓய்வில் வந்தவன். வேலூர்க் கோட்டையைச் சுற்றி நடந்து, ஜலகண்டேஸ்வரர் கோயிலில் சற்று உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று எல்லாரும் யோசனை சொன்னார்கள். நம் ஊர் வெயிலில் ஒன்பது மணிக்கே அது முடிந்துவிடும். பத்திலிருந்து நான்கு வரைதான் கழியாது. ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் கடன் பத்திரத்தைப் படித்துச் சொல்லக் கேட்டார். இப்போது செவ்வாயும் வெள்ளியும் அத்தகைய தாள்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். யாராவது வருவார்கள் என்பதற்காகவே பத்து மணிக்குச் சட்டை போடுகிறேன். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்துச் சிறு தொழிலகங்களில், வாரம் இரண்டு நாள்கள் உட்கார்ந்தபடி பையன்களுக்குத் தரம் பார்க்கச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

சத்துவாச்சாரி இல்லத்தரசி:
ஐயா, டப்பா விஷயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கடுகுக்குப் பக்கத்தில் உளுந்து இருப்பது, எண்ணெய் காய்ந்தபின் கை தேடக்கூடாது என்பதற்காக. நீங்கள் பிரித்து வைத்த தோல்களைப் புதிதாக வந்த ஒருவர் நிறம் பார்த்துக் கலந்து அடுக்கியிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? என் கணவர் வேலையை விட்டு வந்தபோது ரேஷன், கேஸ், மின்கட்டணம், மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப்போவது எல்லாவற்றையும் அவரிடமே விட்டுவிட்டேன். எப்படிச் செய்தார் என்று நான் கேட்பதில்லை. அடுப்படிப் பக்கம் அவரும் வருவதில்லை, காபிக்குத் தவிர.

காட்பாடிக்காரன்:
இருவருக்கும் நன்றி. நிறம் பார்த்துக் கலப்பது என்று படித்ததுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது! டப்பாக்களைப் பழையபடி வைக்கப் போனால் வரிசை நினைவில்லை. மனைவியே வந்து ஒவ்வொன்றாக வாங்கி வைத்தார். 10டி-யைத் தொடப்போவதில்லை. பேரணாம்பட்டில் தெரிந்த ஒருவரிடம் பேசினேன். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், சன்னலோரம் நாற்காலி போட்டுவைப்பதாகவும் சொன்னார்.