ஐப்பசி பொறந்தாச்சு, கரண்ட் போக ஆரம்பிச்சிருச்சு: மலைல இருக்கறவங்க வீட்ல என்ன ரெடி பண்ணி வைக்கறீங்க?

கோத்தகிரி_ரோட்டு_வீடு

வருசா வருசம் இதே பேச்சுதான், ஆனா ஒரே எடத்துல எழுதி வச்சா புதுசா வர்றவங்களுக்கு உதவும்னு ஆரம்பிக்கறேன். கோயமுத்தூர்ல இருந்து ரிட்டயர் ஆகி எங்க பக்கம் வீடு வாங்கி வந்த ஒரு சார் கேட்டாரு, பைக்காரால 1932லயே தண்ணில கரண்ட் எடுத்த மலைங்க இது, குந்தால அத்தன பவர் ஹவுஸ் இருக்கு, இங்க எப்படிங்க கரண்ட் போகும்னு. சார், கரண்ட் பத்தாம போறதில்ல, மரம் விழுந்து போகுது. சீகை மரத்துக்கு, அதான் வாட்டில்னு சொல்றது, வேர் மேலாகவே ஓடும், நாலு நாள் மழைல மண்ணு ஊறுனா காத்தே வேணாம், தானா சாயும், சாஞ்சா லைன் மேலதான் சாயும். எந்த எடத்துல விழுந்துச்சுன்னே தெரியாது, லைன்மேன் அந்த மிஸ்ட்ல டார்ச்ச புடிச்சுட்டு தேயிலைக்குள்ள கம்பம் கம்பமா நடந்து பாக்கணும், நடுவுல காட்டெருமை கூட்டம் நிக்கும். அவங்கள குறை சொல்ல எனக்கு வாய் வராது. ரெண்டு மணி நேரத்துல வருமா ரெண்டு நாள் ஆகுமான்னு யாராலயும் சொல்ல முடியாது, நாமதான் ரெண்டு நாளுக்கு கணக்கு போட்டு வச்சுக்கணும்.

கரண்ட விட ரோடு பெரிய விசயம். கேரட்டும் கோஸும் நம்ம தோட்டத்துலயே கெடக்கும், ஆனா தக்காளி, வெங்காயம், பருப்பு, கேஸ் சிலிண்டர், பெட்ரோல் எல்லாம் மேட்டுப்பாளையத்துல இருந்துதான் ஏறி வரணும். பர்லியார் பக்கம் மண்ணு சரிஞ்சா வண்டிய கோத்தகிரி வழியா திருப்பி விடுவாங்க, குஞ்சப்பனை பக்கம் சரிஞ்சா குன்னூர் வழியா. 2009 நவம்பர்ல கேத்தில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் பேஞ்சுது, மலை பூரா மண்சரிவு, நாப்பது உசுருக்கு மேல போச்சு, மலை ரயில் மாசக்கணக்குல ஓடல. அத பாத்த வீட்ல எல்லாம் ஐப்பசி வந்தா யாரும் சொல்லாமயே அரிசி மூட்ட ஒண்ணு சேத்தி எறங்கும்.

நான் நெறைய வாங்கி அடுக்கற ஆளு இல்லீங்க. கரண்ட் இல்லாம வீட்ல எது எது நிக்கும்னு பாத்து அதுக்கு மட்டும் வழி பண்ணுவேன். மொதல்ல நிக்கறது தண்ணி. நம்ம மோட்டார் ஓடாதுங்கறது தெரியும், ஆனா கொழாத்தண்ணியும் பம்ப் பண்ணித்தான் வருது, ஊட்டிக்கு பார்சன்ஸ்வேலில இருந்து ஏத்தற மாதிரி, அங்க கரண்ட் போனா நம்ம கொழாயும் பின்னாடியே நிக்கும். அதனால மானம் கறுக்கும்போதே மேல் டேங்க் புல் பண்ணிட்டு குடிக்கறதுக்கு தனியா ரெண்டு கொடம், மத்ததுக்கு ஓட்டுத்தண்ணி டிரம்ல. கடைல பாட்டில் வாங்கிக்கலாம்னு சமவெளி ஆளுங்க நெனைப்பாங்க, நம்ம நீலகிரி மாவட்டத்துல அந்த சின்ன பாட்டிலுக்கே தடை.

இன்வெர்ட்டர் இருக்குல்லனு கேப்பீங்க. குளிர்ல பேட்டரிக்கு தெம்பு கொறையும், அஞ்சு டிகிரிக்கு எறங்குனா அஞ்சுல ஒரு பங்கு போன மாதிரிதான், அதுவும் கார் ஷெட்ல வச்சிருந்தா கேக்கவே வேணாம். நாங்க படிக்கட்டுக்கு அடில, வீட்டுக்கு உள்ளதான் வச்சிருக்கோம், காத்து போக மேல ஒரு ஜன்னல் இருக்கு. நாலு எல்இடி பல்பு, போன் சார்ஜ், அவ்ளோதான் அதுல. அதுல கரண்ட் கெட்டில் சொருகுன மச்சானுக்கு எங்க வீட்ல இன்னும் திட்டு விழுது.

கேஸ் விசயம் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். சிலிண்டர்ல இருக்கறதுல பியூட்டேன்னு ஒண்ணு இருக்கு, அது குளிர்ல சரியா ஆவியாகாது, அதான் சிலிண்டர் தீரப்போற சமயத்துல விடியக்காலைல அடுப்பு சிணுங்கும், வெயில் ஏறுனா அதே சிலிண்டர் நல்லா எரியும். தீந்துபோச்சுன்னு அவசரப்பட்டு திருப்பிக் குடுத்துறாதீங்க, மத்தியான சமையலுக்கு வச்சு முடிங்க. ரெண்டாவது சிலிண்டர் கட்டாயம். தீய காட்டி சூடு பண்ற வேல மட்டும் வேண்டவே வேண்டாம்.

தீப்பெட்டி நமுத்துப்போகும், உப்பு தண்ணியா ஓடும், அப்பளம் துணி மாதிரி ஆயிரும். தீப்பெட்டி ஒரு டசன் வாங்கி மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பால கொஞ்சம் வறுத்த அரிசியோட போட்டு வச்சா தை மாசம் வரைக்கும் ஒரே உரசல்ல பத்தும், கேஸ் லைட்டர் கூட ஈரத்துல மக்கர் பண்ணும்போது இதுதான் கை குடுக்கும்.

நீங்க சொல்லுங்க.


மேல்மலைக்காரன்

நாங்க கொடைக்கானல் மேல்மலை, பூம்பாறை தாண்டி. கடல்ல வர்ற புயல் நம்ம மலைய என்ன செய்யப்போகுதுன்னு 2018 வரைக்கும் இங்க எல்லாரும் பேசிக்கிட்டுதான் இருந்தாங்க. நவம்பர் 16ந்தேதி விடியக்காலைல கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறுச்சு, அன்னைக்கே திண்டுக்கல்ல தாண்டி எங்க தலைக்கு மேல வந்துருச்சு. காத்துன்னா அப்படி ஒரு காத்து, தகரம் பறக்குது, மரம் முறியுற சத்தம் வெடி போட்ட கணக்கா வரிசையா கேக்குது, வெளிய வந்து பாக்கவும் முடியல. மறுநாள் பாத்தா ரோடே தெரியல, மரமாத்தான் கெடக்கு. கரண்ட் கம்பம் மடங்கிக் கெடக்கு. வண்டி வரும்னு யாரும் காத்திருக்கல, ஊர் ஆளுக அரிவாள், கோடாலி, ரெண்டு பேர்ட்ட மெஷின் ரம்பம், அதை வச்சு ஊர்ப் பக்கத்துல இருந்து வெட்டிக்கிட்டே போனோம். அந்த ரம்பத்துக்கு பெட்ரோல் ஒரு பைக்ல இருந்து எடுத்தது. அதுல இருந்து எங்க தெருவுல மெஷின் ரம்பமும் நல்ல கயிறும் ரம்பத்துக்கு ஊத்தற எண்ணெயும் பொதுவா ஒரு வீட்ல இருக்கும், ஐப்பசிக்கு முன்னாடி ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி பாத்துருவோம்.

சாப்பாட்டுக்கு எங்களுக்கு பயம் கெடையாதுண்ணே. பூண்ட கொத்துக்கொத்தா கட்டி அடுப்புக்கு மேல பரண்ல தொங்கவிட்டுருப்போம், விறகுப் புகை பட்டுப்பட்டு அது வருசம் முழுக்க கெடாது, விதைக்கும் அதான் குழம்புக்கும் அதான். உருளைக்கிழங்கு இருட்டு ரூம்ல, பீன்ஸ் விதை காயவச்சு தகர டின்ல. கேஸ் வந்ததும் விறகடுப்ப இடிச்சுட்டு டைல்ஸ் ஒட்டுன வீட்டுக்காரங்கதான் கஜா சமயத்துல பக்கத்து வீட்டு திண்ணைல வந்து உக்காந்தாங்க. நான் எங்க அம்மாட்ட அந்த அடுப்ப எடுக்கச் சொன்னதே இல்ல, சொன்னாலும் எடுத்திருக்காது.

அப்புறம் ஒண்ணு, வத்தலக்குண்டு ரோடு அடைச்சா பழனி ரோடு, அதுவும் இல்லேன்னா அடுக்கம் வழியா பெரியகுளம்னு மேப்ல பாக்க ஈசியா இருக்கும். மழைல அடுக்கம் ரோட்ட நம்பி பிள்ளைகுட்டியோட கெளம்பிறாதீங்க.


குன்னூர்_லைன்வீடு

எல்லாரும் ஸ்டாக் வைங்க ஸ்டாக் வைங்கனு சொல்றீங்க, எங்க எஸ்டேட் லைன்ல, அதான் தொழிலாளிங்க வரிசை வீடுங்க, ஸ்டாக் வச்சா மொதல்ல சாப்பிட வர்றது கரடிங்க. சிரிக்காதீங்க. போன மார்கழில மூணாவது நாளா கரண்ட் இல்ல, தெருவிளக்கு இல்ல, மிஸ்ட் வேற, கைய நீட்டுனா கை தெரியாது. ராத்திரி பின்பக்கம் டமார்னு சத்தம். நான் மரக்கிளைதான் விழுந்துச்சுன்னு நெனச்சேன், எங்க பாட்டி மட்டும் "அது கெள இல்லடா, மூச்சு விடுது"ன்னுச்சு. காதை வச்சு கேட்டா நெசமா, உஸ்ஸு உஸ்ஸுனு உறிஞ்சுற சத்தம். பின்கட்டுல மழைக்குன்னு வாங்கி வச்ச அஞ்சு லிட்டர் கடலெண்ணெ டின், மண்டவெல்லம், கோதுமை மாவு எல்லாம் இருக்கு, நடுவுல ஒரே ஒரு பலகைக் கதவு. போன்ல டார்ச் அடிக்கலாம்னா சார்ஜ் ரெண்டு பர்சென்ட். பாட்டி தட்டையும் கரண்டியையும் எடுத்து தட்ட ஆரம்பிக்க, அடுத்த வீட்ல தட்ட, அப்புறம் லைன் முழுக்க தட்டுறாங்க, அது அசையவே இல்ல, எண்ணெ தீந்தப்புறம்தான் போச்சு. போகட்டும்னு விட்டுட்டோம், யாரும் கதவ தொறக்கல.

காலைல பாத்தா டின்ன கால்ல மிதிச்சு சப்பையாக்கி வச்சிருக்கு, கதவுல மேல இருந்து கீழ வரைக்கும் அஞ்சு கோடு, சிமெண்ட் தரைல எண்ணெக் காலடி தேயிலைக்குள்ள போகுது. மாவு மேல கைய வச்சிருக்கு, தின்னல. வெல்லம் ஒரு துண்டு கூட மிச்சமில்ல.

அதனால எங்க ரூல் வேற. எண்ணெ, வெல்லம், கருவாடு மூணும் முன் ரூம்ல இரும்பு டிரம்ல, மூடிக்கு கிளாம்ப். பின்கட்டுல அரிசி பருப்பு மட்டும். அகல் வெளக்க வாசல்ல ராத்திரி பூரா எரிய விடறதில்ல, கோயில் வெளக்கு எண்ணெக்கே கதவ ஒடைக்கற ஆளு அது. டார்ச் பேட்டரி செல் போட்டது ஒண்ணு, ஆணில மாட்டி இருக்கும், அத பசங்க வெளையாட எடுத்தா அடி விழும்.


காந்தல்_அக்கா

ஐயோ அந்த எண்ணெக் காலடி! ஊட்டி காந்தல்ல எங்களுக்கு கரடி இல்லப்பா, உறைபனிதான். மார்கழி தை ரெண்டும் மானம் தெளிவா இருந்தாலே எங்களுக்கு பயம், மேகம் இல்லாத ராத்திரிதான் பனி கொட்டும், காலைல வண்டி சீட்டெல்லாம் வெள்ளையா இருக்கும். அன்னிக்குன்னு பாத்து எல்லா வீட்லயும் ஹீட்டர் போடுவாங்க, டிரான்ஸ்பார்மர்ல பியூஸ் போகும்.

நான் சொல்ல வந்தது வேற. எங்க தெருவுல ஒரு வாடகை வீட்ல சமவெளில இருந்து வந்த ஒரு குடும்பம், கரண்ட் இல்லன்னு கரி அடுப்ப பெட்ரூம்குள்ள வச்சு கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, ஜன்னல் இடுக்குல துணி வேற அடைச்சு படுத்திருக்காங்க. நல்ல வேளை சின்னப் பையன் வாந்தி எடுக்கவும் அந்தம்மா எந்திரிச்சு, தலை சுத்தி கதவுலயே விழுந்து, அந்த சத்தத்துல நாங்க ஓடுனோம். எல்லாரையும் வெளிய தூக்கி போட்டு 108க்கு சொல்லி, பொழச்சாங்க. கரில இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கெடையாது, நெறம் கெடையாது, புகை அடங்கி நல்லா கனகனன்னு இருக்கற கங்குதான் ஆபத்தே, தூக்கத்துல ஆள கொண்டு போயிரும். பாத்ரூம்குள்ள கேஸ் கீசர் வச்சிருக்கறவங்களும் அப்படித்தான், காத்து போற வழிய குளிருதுன்னு அடைக்காதீங்க. கணப்பு போட்டா வாசல்ல போட்டு காஞ்சுட்டு, கங்க வெளியவே விட்டுட்டு உள்ள வந்து கம்பளியும் வெந்நிப் பையும். அதுக்கு மேல குளிருனா ஒரே ரூம்ல எல்லாரும் படுங்க, சண்ட போட்டுக்கிட்டாவது.

இன்சுலின் போடறவங்க பிரிட்ஜ் நின்னு போச்சுன்னு பதறுவாங்க. ஒடைச்சு யூஸ் பண்ணிட்டு இருக்கறது நம்ம ஊர் குளிர்ல வெளியவே ஒரு மாசம் தாங்கும்னுதான் பொதுவா சொல்வாங்க, அட்டைலயும் போட்டிருக்கும் பாருங்க. உறைய மட்டும் விடக்கூடாது, ஜன்னல் ஓரம் வைக்காதீங்க. எங்க மாமியாருக்கு நெபுலைசர், அதுக்கு தனியா சார்ஜ்ல ஓடற சின்ன மெஷினே வாங்கிட்டோம்.


கூடலூர்_தம்பி

எங்களுக்கு ஐப்பசி எல்லாம் ஒண்ணும் இல்ல, ஆடி ஆவணிதான். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல பேஞ்சப்ப இந்தப் பக்கமும் சேந்து இருட்டுலதான் இருந்தோம். நடுவட்டம் ரோடு போனா நாங்க நாடுகாணி வழியா நிலம்பூர் எறங்கி சாமான் வாங்குவோம், அதுவும் போனா பலாக்காதான். போன் டவர் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும் அப்புறம் அதுவும் அவுட். பழைய காப்பர் லேண்ட்லைன் இருந்தப்ப வீட்ல கரண்ட் இல்லன்னாலும் எக்ஸ்சேஞ்ச்ல இருந்து வர்ற கரண்ட்ல ஓடும், இப்ப பைபர் மாத்துனதும் மோடத்துக்கு கரண்ட் வேணும். 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒண்ணு மாட்டிருக்கேன், பரவால்ல.


கோத்தகிரி_ரோட்டு_வீடு

குன்னூர் தம்பி சொன்னதுக்கப்புறம் எங்க வீட்டு எண்ணெ டின்னும் முன் ரூமுக்கு வந்தாச்சு. மரத்த பத்தி ஒருத்தர் தனியா கேட்டிருந்தாரு, லைன் மேல சாயற மாதிரி நம்ம நெலத்துல மரம் இருந்தா நாமளே வெட்டிக்கலாமான்னு. முடியாதுங்க, 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, நம்ம பட்டா நெலமா இருந்தாலும் அனுமதி வேணும், அதுக்கு பங்குனி சித்திரைலயே மனு குடுத்தாத்தான் மழைக்கு முன்னாடி வேல ஆகும். லைன உரசற கெளய மட்டும்னா மின்வாரிய புகார் சென்டர் மின்னகத்துக்கு 94987 94987 கூப்பிட்டு சொல்லுங்க, கம்பத்து நம்பர குறிச்சு வச்சுட்டு சொன்னா எடத்த தேடற நேரம் மிச்சம். வயர் அறுந்து கெடந்தா கிட்ட போகாதீங்க, ஈர மண்ணு வேற. மண்ணு சரிஞ்சா 1077, மாவட்ட பேரிடர் கன்ட்ரோல் ரூம்.

காஞ்ச சீகை விறகு வேணும்னா இந்த வாரத்துக்குள்ள சொல்லி வைங்க, கார்த்திகைல கேட்டா ஈர விறகத்தான் தலைல கட்டுவாங்க.


காந்தல்_அக்கா

எனக்கு அர லோடு போதும். மிச்சத்த யாராவது எடுத்துக்கறீங்களா? வண்டி வாடகை பாதி பாதி.