அமெரிக்காவில் ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் மாணவர் கடன் தள்ளுபடி: எங்கள் அனுபவங்கள்

நியூ ஜெர்சி, அரசுப் பள்ளி ஆசிரியை

நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். முதுகலைப் படிப்புக்கு வாங்கிய ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசின்) கடன் இன்னும் இருக்கிறது. ஆசிரியர்களுக்கு இங்கே இரண்டு தள்ளுபடித் திட்டங்கள் உள்ளன என்பதையும், ஒன்றைப் பெற்றால் மற்றொன்று பல ஆண்டுகள் தள்ளிப் போகக்கூடும் என்பதையும் பணியில் சேரும்போது யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலாவது, ஆசிரியர் கடன் தள்ளுபடி. ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிப்பதாக ஃபெடரல் பட்டியலில் இடம்பெற்ற பள்ளியில் 5 கல்வியாண்டுகள் இடைவிடாமல் முழுநேரமாகக் கற்பித்திருக்க வேண்டும். உயர்நிலைக் கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி ஆகியவற்றின் ஆசிரியர்களுக்கு 17,500 டாலர் வரையிலும், என்னைப் போன்ற மற்றவர்களுக்கு 5,000 டாலர் வரையிலும் கழிப்பார்கள். இரண்டாவது, 2007-இல் சட்டமான பொதுப்பணிக் கடன் தள்ளுபடி. அரசிலோ தகுதி பெற்ற அறநிறுவனத்திலோ முழுநேரம் பணியாற்றியபடி 120 மாதத் தவணைகளைக் கட்டி முடித்தால், மிச்சக் கடன் எவ்வளவு இருந்தாலும் நீங்கிவிடும். அந்தத் தொகைக்கு ஃபெடரல் வருமான வரியும் கிடையாது.

சிக்கல் என்னவென்றால், ஒரே பணிக்காலத்தை இரண்டு திட்டங்களுக்கும் காட்ட முடியாது. என்னுடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர், கைக்கு வந்ததை ஏன் விட வேண்டும் என்று 5,000 டாலரைப் பெற்றுக்கொண்டார். அதற்குக் காட்டிய ஐந்து ஆண்டுகளில் கட்டிய தவணைகள் 120-இல் சேரவில்லை. அவருடைய கடனோ பெரியது. அதே பள்ளியின் கணித ஆசிரியருக்கு மொத்தக் கடனே 17,500 டாலருக்குள் அடங்கியதால் முதல் திட்டமே லாபமாக முடிந்தது. ஆகவே, நிலுவைத் தொகையையும் கற்பிக்கும் பாடத்தையும் பார்த்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. நான் 5,000 டாலரை வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

கோடை விடுமுறை மாதங்கள் கணக்கில் வராது என்று ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு உண்டு, அது தவறு. பத்து மாத ஒப்பந்தத்தில் முழுநேரப் பணி செய்பவர் விடுமுறையில் கட்டும் தவணையும் சேரும்.

ஒஹையோ, கவுன்ட்டி நூலக ஊழியர்

என் கடன் 2010-க்கு முந்தையது. அந்தக் காலத்தில் வங்கிகள் ஃபெடரல் உத்தரவாதத்துடன் கடன் கொடுத்தன. அத்தகைய கடன் பொதுப்பணித் தள்ளுபடிக்குத் தகுதியானது அல்ல, அரசே நேரடியாகக் கொடுத்த கடன் மட்டுமே தகுதியானது. என் கடனை நிர்வகித்த நிறுவனத்திடம் தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் "எல்லாம் சரியாகவே போகிறது" என்றுதான் பதில் வந்தது. கடைசியில் ஒரு தவணைகூடச் சேராது என்று கடிதம் அனுப்பினார்கள். பிறகுதான் இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று என்று தெரிந்தது: திட்டத்தின் தொடக்கக் காலத்தில் வந்த விண்ணப்பங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நிராகரிக்கப்பட்டன.

2021 அக்டோபரில் அறிவித்த தற்காலிகத் தளர்வுதான் என்னைக் காப்பாற்றியது. 2022 அக்டோபர் 31-க்குள் கடனை நேரடிக் கடனாக மாற்றிக்கொண்டு பணிச் சான்றும் கொடுத்தவர்களுக்குப் பழைய தவணைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். 2020 மார்ச்சிலிருந்து கொரோனாவுக்காகத் தவணை நிறுத்தப்பட்டிருந்த மாதங்களும், பைசா கட்டாமலேயே, எண்ணிக்கையில் வந்தன. கணக்கில் நிலுவை சுழியம் என்று பார்த்தபோது, முந்தைய கடிதத்தை நினைத்து, திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பணிச் சான்றுப் படிவத்தை ஆண்டுதோறும் மனிதவளத் துறையில் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். பத்து ஆண்டுகள் கழித்துப் பழைய அலுவலகத்தைத் தேடிப் போனால், உங்களை அறிந்த ஒருவரும் அங்கே இருக்க மாட்டார்.

டெக்சாஸ், நகராட்சிப் பொறியாளர்

வட்டி குறையும் என்று சொல்லித் தனியார் வங்கிகள் அனுப்பும் கடன் மாற்றுக் கடிதங்கள் எனக்கும் வந்துகொண்டே இருக்கின்றன. ஃபெடரல் கடன் ஒருமுறை தனியார் கடனாகிவிட்டால் தள்ளுபடி உரிமை போய்விடும், திரும்பக் கிடைக்காது. என் இப்போதைய கவலை வேறு. வருமானத்துக்கு ஏற்பத் தவணை கட்டும் சேவ் திட்டத்தில் இருந்தேன். 2024-இல் நீதிமன்றம் அதைத் தடுத்தபின் என் தவணையை நிறுத்தி வைத்தார்கள், அந்த மாதங்கள் 120-இல் சேரவில்லை. சும்மா காத்திருப்பதைவிடக் கூடுதலாகக் கட்டுவதே மேல் என்று, வருமானத்தைப் பொறுத்துத் தவணை அமையும் இன்னொரு திட்டமான ஐ.பி.ஆருக்கு மாறிவிட்டேன், எண்ணிக்கை மறுபடியும் நகரத் தொடங்கியிருக்கிறது.