கேஸ் கீசரா, கரண்ட் கீசரா? பட்டவர்கள் சொல்லுங்கள்

ஓசூர்வாசி
அண்ணன் புது வீட்டுக்கு எது மாட்டலாம் என்று கேட்டான். எனக்கு உடனே அந்த 98தான் ஞாபகம் வந்தது.

வாடகை வீடு. பாத்ரூமுக்குள்ளேயே ஆறு லிட்டர் கேஸ் கீசர், சிலிண்டர் மட்டும் வெளியே. எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் குளிருக்குப் பயந்து வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். தங்கை குளிக்கப் போனாள். வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, ஆள் சத்தம் இல்லை. அம்மா கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கதவைத் தள்ளச் சொன்னார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருக்கிறது, எங்களைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் விரலில் கிளிப் மாட்டினார். 98 என்று காட்டியது. “ஆக்சிஜன் நல்லாத்தானே இருக்கு, சாப்பிடாம குளிச்சிருப்பா” என்றார். டூட்டி டாக்டர் வந்து, “வீட்ல கேஸ் கீசரா?” என்று கேட்ட பிறகுதான் ஆக்சிஜன் மாஸ்க் வந்தது. தங்கை பிழைத்துவிட்டாள், நன்றாக இருக்கிறாள். ஆனால் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் போயிருந்தால்? 98 என்று எப்படிக் காட்டியது?

மாடிவீட்டு மணி
நீங்கள் சொல்வது வருத்தமான விஷயம்தான். ஆனால் கேஸ் கீசரையே குற்றம் சொல்லாதீர்கள். எங்கள் வீட்டில் வருஷக்கணக்காக ஓடுகிறது. லீக் ஆனால் வாசனை வந்துவிடும், வால்வை மூடிவிடலாம்.

என் பிரச்சினை வேறு. நாங்கள் மேல்மாடி, டேங்க் தலைக்கு மேலேயே இருக்கிறது, அதனால் பிரஷர் கிடையாது. இந்த மெஷினுக்குத் தண்ணீர் வேகமாக வந்தால்தான் உள்ளே டயாஃப்ரம் என்கிற ரப்பர் தகட்டைத் தள்ளி கேஸ் திறக்கும். முகம் முழுக்க சோப்பு, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன், ‘டப்’ என்று அணைந்து பச்சைத் தண்ணீர் முதுகில் கொட்டுகிறது. கீழ் வீட்டில் யாராவது குழாய் திறந்தால் போதும். பிரஷர் பம்ப் போட்ட பிறகு சரியாயிற்று. மேல்மாடிக்காரர்கள் முதலில் ஒரு வாளி எத்தனை நிமிஷத்தில் நிரம்புகிறது என்று பாருங்கள். கேஸைப் பற்றவைக்கிற பேட்டரியையும் குளிர்காலத்துக்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள், பெரிய சைஸில் இரண்டு போட வேண்டும். பர்னரை வருஷத்துக்கு ஒரு முறை சர்வீஸ் செய்யுங்கள். ஷவரை விட வாளி நல்லது. சிலிண்டரைப் படுக்க வைக்காதீர்கள். ரெகுலேட்டர் டியூபில் தேதி அச்சடித்திருக்கும், பாருங்கள். எலி கடிக்கும்.

லேப்_டெக்னீஷியன்
மணி சார், அந்த வாசனைப் பேச்சை விடுங்கள், ஆபத்து. எரியாத கேஸ் கசிந்தால் வாசனை வரும், அதற்கென்றே மெர்காப்டன் கலக்கிறார்கள். ஓசூர்க்காரர் வீட்டில் கேஸ் கசியவே இல்லை, எரிந்துகொண்டுதான் இருந்தது. அடைத்த அறையில் காற்று போதாமல் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

98க்குப் பதில்: ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துவிடும், 200 மடங்குக்கு மேல் அழுத்தமாக. விரல் கிளிப்புக்கு இரண்டும் ஒரே சிவப்பு, வித்தியாசம் தெரியாது. தனியாக ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். எங்கள் லேபுக்கு இப்படி வந்த ஒரு பையனுக்கு ஃபார்மில் ‘மயக்கம், ஃபுட் பாய்சன்?’ என்று எழுதியிருந்தார்கள். தலைவலியும் வாந்தியும் இருந்ததால் அப்படி நினைத்திருக்கிறார்கள். அவன் தலைமுடி ஈரமாக இருந்தது.

கேஸ்தான் வேண்டுமென்றால் மெஷின் பாத்ரூமுக்கு வெளியே, பால்கனியிலோ சர்வீஸ் ஏரியாவிலோ இருக்கட்டும். குழாய் மட்டும் உள்ளே வரட்டும். உள்ளே வைத்து எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதும் என்பார் கடைக்காரர். கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், பேட்டரியில் பற்றுகிற கீசர் நிற்காது.

ஊட்டி_பக்கம்
கேஸ் வேண்டாமென்றால் கரண்ட் இன்ஸ்டன்ட், அதாவது தண்ணீர் ஓடும்போதே சுடவைக்கிற மெஷின், வாங்கலாம் என்று நினைப்பவர்கள் எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள். 3 கிலோவாட் மெஷின். 20 டிகிரி ஏற்ற வேண்டுமென்றால் நிமிஷத்துக்கு 2 லிட்டர்தான் தர முடியும், இது பௌதிகம், கம்பெனி மாற்றிப் பயனில்லை. ஜனவரியில் எங்கள் டேங்க் தண்ணீருக்கு 20 போதாது. சாயங்காலம் வோல்டேஜ் 190க்கு இறங்கினால் 3 கிலோவாட் 2 ஆகிவிடும். நூல் மாதிரி ஒழுகுகிற தண்ணீருக்குக் கீழே மாமனார் துண்டோடு நின்று, “மாப்ள, இது வெந்நீரா, கண்ணீரா?” என்று கேட்டார். அதை இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சேலம் செல்வி
எங்களுக்கு வெந்நீர் நன்றாகவே வந்தது. ஆனால் பிளக் சாக்கெட்டோடு உருகி ஒட்டிக்கொண்டது. 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். எலக்ட்ரீஷியன் 16 ஆம்பியர் சாக்கெட்டை மாட்டிவிட்டு உள்ளே பழைய லைட் ஒயரையே விட்டிருக்கிறார். பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம் வந்தபோது பக்கத்து வீட்டில் குப்பை எரிக்கிறார்கள் என்று ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம்! தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் ஒயர், ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைத்துவிடும் சுவிட்ச்) இல்லாமல் யாரும் மாட்டாதீர்கள்.

மாடிவீட்டு மணி
பார்த்தீர்களா, கரண்டிலும் ஆபத்து இருக்கிறது. செலவைப் பற்றி யாரும் பேசவில்லையே? 20 லிட்டர் வாளிக்கு 20 டிகிரி ஏற்ற அரை யூனிட் போகும். ஆளுக்குத் தினம் ஒரு வாளி என்றால், நாலு பேர் வீட்டில் 2 மாசத்துக்கு 120 யூனிட். அரசு தருகிற இலவச யூனிட்டில் பெரும்பகுதி இதிலேயே காலி. 14.2 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ 300 வாளி காய்ச்சலாம். நீங்களே கணக்குப் போடுங்கள்.

லேப்_டெக்னீஷியன்
கணக்கு சரிதான் சார். உங்கள் மெஷின் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? அதை மட்டும் நீங்கள் சொல்லவே இல்லை.

ஓசூர்வாசி
98க்கு விளக்கம் சொன்னதற்கு நன்றி. அண்ணனுக்கு 15 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர் சொல்லிவிட்டேன், 2 கிலோவாட். இன்ஸ்டன்ட் இல்லை, கால் மணி நேரம் முன்னால் போட வேண்டும், போடட்டும். எங்கள் ஓனர் அந்தப் பழைய கேஸ் கீசரைக் கழற்றிப் பக்கத்துப் போர்ஷனில் மாட்டப் பார்த்தார். பாத்ரூமுக்குள்ளேதான். அங்கே புதிதாகக் கல்யாணமான ஜோடி. நான் போய்ச் சொன்னதும் அந்தப் பெண் வேண்டாம் என்றுவிட்டாள். ஓனர் இப்போது என்னோடு பேசுவதில்லை.

மாடிவீட்டு மணி
உள்ளேதான். பிளம்பரைக் கூப்பிட்டிருக்கிறேன், வெளியே மாற்ற 12 அடி குழாய் ஆகும் என்கிறார். தண்ணீர் ஆறிப்போகாமல் வர ஏதாவது சுற்ற வேண்டுமா?