கோளும் கோளமும், மட்டமும் தளமும்: பழஞ்சொற்கள் பற்றி இரண்டு ஐயங்கள்

கோபி வாசகி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்துக்கு வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக, பாடநூலில் உள்ள வானியல், வடிவியல் சொற்களுக்குப் பக்கத்தில் நிகண்டு எனப்படும் பழைய சொற்பொருள் நூல்களின் சொற்களையும் எழுதிச் சுவர்ப்படம் ஒன்று ஆயத்தம் செய்துவருகிறேன். இரண்டு இடங்களில் நின்றுவிட்டேன். கோள் என்பது உருண்டையைக் குறிக்கும் கோளத்தின் குறுக்கமே என்று நண்பர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார், அப்படியே எழுதிவிடலாமா? அடுத்தது, வடிவியலில் தளம் என்கிறோமே, அதற்கு வேறு பழஞ்சொல் உண்டா? எங்கள் பக்கத்தில் தளம் என்றால் வீட்டின் மேல் கான்கிரீட் போடுவதுதான். "தளத்துக்குத் தடிமன் கிடையாது" என்று நான் சொன்னதும் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

பெருந்துறைத் தமிழாசிரியர்:
கோளத்தோடு கோளை முடிச்சுப் போடாதீர்கள், அம்மா. கோளம் வடமொழி வழி வந்த சொல். கோள் என்பதோ, கெடு கேடு ஆனது போல, பெறு பேறு ஆனது போல, கொள் என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு பிறந்த பெயர். கிரகம் என்னும் வடசொல்லுக்கும் பற்றுதல் என்றுதான் வேர்ப்பொருள். ஆக, நம் சொல்லும் வடசொல்லும் பிடித்துக்கொள்வதைச் சொல்ல, கிரேக்கர் மட்டும் அலைந்து திரிவது என்னும் பொருளில் பெயர் வைத்தார்கள். உருண்டை வடிவத்துக்கு இவற்றில் எதிலும் இடமில்லை.

இன்னொன்றையும் படத்தில் குறித்துவிடுங்கள். பழைய வழக்கில் கோள் என்பது இன்றைய பாடநூற் கோள் அன்று. சம்பந்தர் தம் கோளறு பதிகத்தில் ஞாயிற்றையும் திங்களையும் சேர்த்து, இராகு கேதுக்களைப் 'பாம்பிரண்டும்' என்று கூட்டி ஒன்பதாக எண்ணுகிறார். பூமி அந்தக் கணக்கில் இல்லை. யுரேனஸ் 1781இலும் நெப்டியூன் 1846இலும் தொலைநோக்கியின் துணையால் அறியப்பட்டவை ஆதலால் அவற்றுக்கு நிகண்டில் பெயர் தேடவேண்டாம்.

மற்ற ஐந்தின் பெயர்கள்தாம் சுவையானவை. செவ்வாய் சிவப்பு, வெள்ளி வெண்மை, வியாழனுக்குப் பொன் என்று ஒரு பெயர், சனிக்குக் காரி என்றும் மைம்மீன் என்றும் பெயர். வானத்தைப் பார்த்தவர்கள் நிறத்தை வைத்தே அழைத்திருக்கிறார்கள். அறிவன் எனப்பட்ட புதன் மட்டும் நிற வரிசையில் சேரவில்லை. பாரியின் நாட்டைப் பாடும் கபிலர், மைம்மீன் புகைந்தாலும் வெள்ளி தென்திசைக்கு ஓடினாலும் அங்கே வளம் குன்றாது என்கிறார் (புறநானூறு 117). சனி உண்மையில் கறுப்பாகத் தெரிவதில்லை, மங்கிய மஞ்சளாகவே தெரியும். வெள்ளிக்கும் வியாழனுக்கும் முன்னால் ஒளி குறைந்து நிற்பதால் அப்பெயர் பெற்றிருக்கும் என்பது என் எண்ணம். திவாகரம் என்னும் நிகண்டில் இப்பெயர்களைப் பார்க்க விரும்பினால் முதலாவதான தெய்வப்பெயர்த் தொகுதியைப் புரட்டுங்கள். வானியலுக்கென்று அதில் தனித் தொகுதி இல்லை.

காங்கேயம் தச்சுப்பட்டறை:
வணக்கம். இரண்டாம் கேள்விக்கு நிகண்டு வரை போகவேண்டாம் என்று நினைக்கிறேன். ரசமட்டம், மூலைமட்டம் என்று கொத்தனாரும் தச்சரும் நாள்தோறும் புழங்கும் மட்டம் என்ற சொல் இருக்கிறது. ஆனால் கிடையாக இருப்பதைத்தான் மட்டமாக இருக்கிறது என்போம். தூக்குக்குண்டு பிடித்து எழுப்பிய சுவரும் ஒரு தளம்தான், ஓட்டுக்கூரையின் சரிவும் தளம்தான். அவற்றை மட்டம் என்றால் எந்த மேஸ்திரியும் ஒப்பமாட்டார். ஆகவே தளமே இருக்கட்டும், கிடைத்தளத்துக்கு மட்டும் மட்டத்தைக் காட்டுங்கள்.

வட்டத்துக்கு மாட்டுவண்டிச் சக்கரமே போதும். நடுவில் குடம், அதிலிருந்து புறப்படும் ஆரக்கால், அதைத் தாங்கும் வட்டை, குடத்தின் ஊடே அச்சு. பாடநூலின் ஆரத்தையும் அச்சையும் பிள்ளைகள் கையால் தொட்டே பார்த்துவிடலாம். விட்டம் என்பதும் சுவருக்குச் சுவர் குறுக்கே போடும் மரந்தானே? வட்டத்தின் ஒரு துண்டு வில்லாகவும் அதன் இரு முனையையும் சேர்க்கும் கோடு நாணாகவும் பெயர் பெற்றதைப் படம் போட்டாலே போதும், சொல்லி விளக்கத் தேவையில்லை.

தாராபுரம் கணக்கர்:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கணக்கதிகாரம் என்னும் பழைய கணக்கு நூலில் 'வட்டத்தரை கொண்டு விட்டத்தரை தாக்கச் சட்டெனத் தோன்றும் குழி' என்று ஒரு வாய்பாடு உண்டு. இங்கே வட்டம் என்பது சுற்றளவையும், தாக்குதல் பெருக்குதலையும், குழி பரப்பளவையும் குறிக்கும். சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் பரப்பு வந்துவிடும். இன்றைய வாய்பாட்டுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. தாக்குதலுக்கு அடிதடி என்று மட்டுமே பொருள் தெரிந்த பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கும். மண்டலமும் வட்டந்தான் என்பதால், கொங்கு மண்டலத்துப் பிள்ளைகள் வடிவியற் சொல் ஒன்றைத் தம் நாட்டின் பெயரிலேயே சுமந்து திரிகிறார்கள் என்றும் ஒரு வரி எழுதலாம்.

கோபி வாசகி:
மூவருக்கும் நன்றி. கோளம் பற்றிய வரியை அடித்துவிட்டேன், நண்பருக்குச் சற்று வருத்தம்தான். பக்கத்துத் தோட்டத்தில் பழைய வண்டிச் சக்கரம் ஒன்று கிடைத்திருக்கிறது. பன்னிரண்டு ஆரக்கால்களில் அடுத்தடுத்து இரண்டு இல்லாததால், மற்ற இடங்களிலெல்லாம் 30 பாகையும் அந்த ஓர் இடத்தில் மட்டும் 90 பாகையும் இருக்கின்றன. பழுது பார்க்காமல் அப்படியே சுவரில் சாய்த்து வைக்கப்போகிறேன்.