கண்காட்சிக்குத் தந்தியின் வாசகம் போதுமா, தந்தி வந்த தாளையும் ஒட்ட வேண்டுமா?

லிந்துலை வாசகன்:
பண்டாரவளையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வைக்கும் வரலாற்றுக் கண்காட்சிக்கு நாலு தந்திகளைத் தெரிவு செய்திருக்கிறோம்: 1870இல் பிரஷ்ய மன்னர் தங்கியிருந்த எம்ஸ் நகரிலிருந்து போனது, 1903இல் விமானம் பறக்கவிட்ட ரைட் சகோதரர்களுடையது, 1914இல் இந்து சமுத்திரத்துக் கொக்கோஸ் தீவிலிருந்து போனது, 1917இல் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் சிமர்மனுடையது. வாசகத்தைத் தமிழில் பெரிதாக எழுதிக் கீழே ஆண்டைப் போட்டால் போதும் என்பது என் கட்சி. சொல்லுக்குச் சொல் காசு கட்டுகிறவர் வளவளவென்று எழுத மாட்டார். தந்தியைவிட நேரான சான்று கிடையாது.

பதுளை டீச்சர்:
அண்ணே, இதை ஒத்துக்கொள்ள ஏலாது. நம் கையில் இருப்பது அனுப்பியவர் எழுதியதல்ல, பல கை மாறி வந்த பிரதி. ரைட் தந்தியையே எடுங்க. டிசம்பர் 17 அன்று கிட்டி ஹோக்கில் கொடுத்தது, நோர்போக் வழியாக டேட்டனில் இருந்த தகப்பனாருக்குப் போனது. மிக நீண்ட பறப்பு 59 வினாடி. தாளில் 57 என்று இருக்கிறது. அனுப்பிய ஓர்வில் ரைட்டின் பெயரே எழுத்துப் பிழையோடுதான் வந்தது.

அமெரிக்கக் கம்பிகளில் ஓடியது அமெரிக்க மோர்ஸ். அதில் 9 என்றால் கோடு, புள்ளி, புள்ளி, கோடு. 7 என்றால் கோடு, கோடு, புள்ளி, புள்ளி. அதே இரண்டு கோடு, அதே இரண்டு புள்ளி, வரிசைதான் வேறு. தாளின் தலையில் சொற்களின் எண்ணிக்கை இருக்கும். வாங்குகிறவர் எண்ணிப் பார்ப்பார். ஒரு சொல் விழுந்திருந்தால் அது காட்டிக்கொடுக்கும். இலக்கம் மாறினால் எண்ணிக்கை அப்படியே இருக்கும், பிழை தப்பிவிடும். முழுவதையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டுமென்றால் அங்கே கட்டணத்தில் பாதியை மேலதிகமாகக் கட்ட வேண்டியிருந்தது.

லிந்துலை வாசகன்:
இரண்டு வினாடி குறைந்ததால் அவர்கள் பறக்கவில்லை என்றாகிவிடுமா டீச்சர்? நாலு பறப்பு, எதிர்க்காற்று, நத்தாருக்கு வீடு வருகிறோம் என்பது எல்லாம் சரியாகத்தானே வந்து சேர்ந்தது.

மாவலிக்கரை:
ரைட் தந்தியை விடுங்க, எம்ஸுக்கு வாங்க. பிரஷ்ய மன்னர் வில்ஹெல்மின் சார்பில் ஆபெக்கன் 1870 ஜூலை 13 அன்று பிரதமர் பிஸ்மார்க்குக்கு அனுப்பியது நீளமான அறிக்கை. பிஸ்மார்க் பொய்யாக எதையும் சேர்க்கவில்லை, வெட்டி வெளியிட்டார். வெட்டியதும் மன்னர் பிரெஞ்சுத் தூதரை முகத்திலடித்தாற்போல் திருப்பி அனுப்பினார் என்ற தொனி வந்துவிட்டது. அதில் ‘அட்ஜுடன்ட்’ என்று ஒரு சொல். ஜெர்மனில் அது மன்னரின் பக்கத்திலேயே இருக்கும் உயர் படை அதிகாரி. பிரெஞ்சில் அதே சொல் சாதாரணக் கீழ்நிலை அலுவலர். தூதருக்குப் பதில் சொல்ல இப்படியொருவரையா அனுப்பினார்கள் என்று பாரிஸ் கொதித்தது. ஜூலை 19 அன்று போர். லிந்துலை அண்ணன் எந்த வாசகத்தை எழுதப் போகிறார், ஆபெக்கனுடையதையா, பிஸ்மார்க்குடையதையா?

லிந்துலை வாசகன்:
நல்ல கேள்வி. எம்ஸுக்கு இரண்டையும் பக்கம் பக்கமாக வைக்கிறேன். ஆனால் இது வாசகத்தின் பலத்தைத்தானே காட்டுகிறது! சிமர்மனும் அப்படித்தான். டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவை மீட்க மெக்சிகோவுக்கு உதவுவோம் என்ற வரி 1917 மார்ச் 1 பத்திரிகைகளில் வந்தது. அமெரிக்கர்கள் கோபப்பட்டது அந்த வரியைப் பார்த்து. தாளின் தலைப்பைப் பார்த்து யார் கோபப்பட்டார்கள்?

பதுளை டீச்சர்:
அந்தத் தாளில் அரிசோனா என்ற சொல்லே இல்லை, அண்ணே! வரி வரியாக இலக்கங்கள். முதலில் 130, அது வோஷிங்டனில் இருந்த ஜெர்மன் தூதர் பெர்ன்ஸ்டோர்பின் தொடர் இலக்கம். அடுத்து 13042, எந்தக் குறியீட்டுப் புத்தகம் என்று சொல்லும் இலக்கம். அரிசோனா புத்தகத்தில் இல்லாததால் நாலு துண்டாக உடைத்து அனுப்பினார்கள்.

கதையே அந்தத் தலைப்பில்தான் இருக்கிறது. வோஷிங்டனுக்கு அனுப்பப் பெர்லினில் கொடுத்தது ஜனவரி 16. அமெரிக்காவே தன் இராஜதந்திரக் கம்பியை இரவல் கொடுத்திருந்தது. புதிய குறியீட்டுப் புத்தகம் மெக்சிகோவில் இருந்த ஜெர்மன் தூதரகத்தில் இல்லை. ஆகவே பெர்ன்ஸ்டோர்ப் பழைய குறியீட்டுக்கு மாற்றி 19 அன்று வெஸ்டர்ன் யூனியன் தந்திக் கம்பனி வழியாக மெக்சிகோவுக்கு அனுப்பினார். பிரித்தானியர் மெக்சிகோவில் அந்த இரண்டாவது பிரதியைப் பிடித்தார்கள். அதன் திகதியும் இலக்கமும் வேறு என்பதால், கசிவு அமெரிக்கக் கண்டத்தில் என்றே ஜெர்மனி தேடியது. பிரித்தானியர் அமெரிக்காவின் கம்பியை ஒட்டுக்கேட்டது மறைந்தே இருந்தது. வாசகத்தை மட்டும் ஒட்டினால் பிள்ளைக்கு இதில் எது தெரியும்?

மாவலிக்கரை:
கொக்கோஸைத் தந்தி என்று போடுவதிலும் கவனம் வேண்டும். நவம்பர் 9 காலை, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனிலிருந்து இறங்கியவர்கள் கடலடிக் கம்பியை வெட்டினார்கள். அதற்கு முன்பே, துறை வாயிலில் அந்நியக் கப்பல் என்று தீவின் தந்தி நிலையத்தார் கம்பியில்லாத் தந்தியில் கூப்பிட்டுவிட்டார்கள். எம்டன் அலையைக் குழப்பிப் பார்த்தது. கொழும்பை நோக்கி வந்த அவுஸ்திரேலியப் படைக் கப்பல்களோடு சுமார் 50 கடல் மைல் தொலைவில் நின்ற சிட்னி என்ற போர்க்கப்பலுக்கு எட்டிவிட்டது. இங்கேயும் கெட்டிக்காரனை எம்டன் என்கிறோமே, அந்தப் பெயரைத் தந்த கப்பலின் முடிவு அன்றைக்குத்தான்.

லிந்துலை வாசகன்:
சரி, சிமர்மனுக்கும் ரைட்டுக்கும் தாளின் படத்தையும் வைக்கலாம். ஆனால் வாசகம் பெரிதாகத்தான் இருக்கும். தலைப்பைப் படிக்கப் பிள்ளைகள் நிற்க மாட்டார்கள்.

பதுளை டீச்சர்:
நிற்பார்கள். ஐந்தாவதாக ஒரு பலகை வையுங்க. சர்வதேச மோர்ஸில் லத்தீன் எழுத்துதான்; ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே ‘எல்’: புள்ளி, கோடு, புள்ளி, புள்ளி. குறிலுக்கும் நெடிலுக்கும் அங்கே வேறுபாடு காட்ட எதுவும் இல்லை. அதே குறிகளில் வலி, வழி, வாளி மூன்றையும் எழுதலாம். ‘வலி இல்லை’யா, ‘வழி இல்லை’யா? ஆசுபத்திரியிலிருந்து வந்ததா, கொழும்புத் துறையிலிருந்து வந்ததா என்று தலைப்பைப் பார்க்காமல் எந்தப் பிள்ளை சொல்லும்?

லிந்துலை வாசகன்:
அந்தப் பலகையை வாசலிலேயே வைக்கிறேன் டீச்சர். மற்ற நாலிலும் வாசகம்தான் மேலே.